மங்கள் பிரபாத்: படித்து மூடிவைக்காமல் நடந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

1930 மே மாதம், உப்புச் சத்தியாகிரகத்தின் நடுவில், தண்டிக்கு அருகே கராடி கிராமத்தில் காந்தி கைதானார். புணேயை அடுத்த எரவாடா மத்திய சிறையில் அடைக்கப்பட்டார். அந்தச் சிறைக்கு அவர் வைத்த பெயர் எரவாடா மந்திர், அதாவது கோயில். அங்கிருந்து சபர்மதி ஆசிரமத்தாருக்கு வாரம் ஒன்றாகக் குஜராத்தியில் கடிதம் எழுதினார். பெரும்பாலும் ஒவ்வொன்றும் ஆசிரம விரதங்களில் ஒன்றைப் பற்றியது. சத்தியம் பற்றிய முதல் கடிதத்தின் தேதி 22-7-1930, செவ்வாய்க்கிழமை. கடிதங்களை ஆசிரமத்தின் விடியற்காலைப் பிரார்த்தனையில் வாசித்தார்கள். பின்னர் அவை ‘மங்கள் பிரபாத்’ என்ற சிறு நூலாயின. குஜராத்தியில் மங்கள் என்றால் செவ்வாயும்தான், மங்கலமும்தான். பிரபாத் என்றால் விடியல். செவ்வாயோ வெறும்வாயோ என்று நல்ல காரியத்தைத் தள்ளிப்போடும் நமக்கு இந்தத் தலைப்பே சின்னதாக ஒரு குட்டு வைக்கிறது.

நூறு பக்கத்துக்கும் குறைவான நூல். ஒரே மூச்சில் படித்து முடித்துவிடலாம், அதுதான் இதில் உள்ள ஆபத்து. ஒரு மாலையில் படித்தால் நல்ல அறிவுரைகள் அடங்கிய கையேடாகத் தோன்றும். வாரத்துக்கு ஒரு கடிதம் என்று எழுதப்பட்டதை வாரத்துக்கு ஒரு கடிதமாகப் படித்து, கையில் ஒரு நோட்டுடன் நடந்து பார்த்தால்தான் இது பயிற்சி நூல் என்பது பிடிபடும். கீழே உள்ள முறைக்குப் பதினான்கு செவ்வாய்கள் வேண்டும்.

தொடங்குமுன்: நூலில் என்ன இருக்கிறது

பதினொரு விரதங்கள். சத்தியம், அகிம்சை, பிரம்மசரியம், அஸ்வாதம் (சுவைக்காக உண்ணாமை), அஸ்தேயம் (திருடாமை), அபரிக்கிரகம் (தேவைக்கு மேல் வைத்துக்கொள்ளாமை), அபயம் (அஞ்சாமை), தீண்டாமை ஒழிப்பு, உடலுழைப்பு, சர்வதர்ம சமபாவம் (எல்லாச் சமயங்களையும் சமமாக மதித்தல்), சுதேசி. இவற்றோடு பணிவு பற்றி ஒரு கடிதம், விரதம் ஏன் தேவை என்று ஒரு கடிதம். சமபாவத்துக்கு மட்டும் இரண்டு கடிதங்கள். பதிப்புக்குப் பதிப்பு பின்பகுதி சற்று மாறும். வால்ஜி கோவிந்ஜி தேசாய் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் யக்ஞம் (வேள்வி) பற்றிய கடிதங்களும் உண்டு. சுதேசி பற்றிச் சிறையில் எழுதினால் அரசியலைத் தொடாமல் இருக்க முடியாது என்று காந்தி அதைத் தவிர்த்துவிட்டார். அந்தப் பகுதி பிறகு எழுதப்பட்டது.

இவற்றில் ஐந்து அறங்கள் புதியவை அல்ல. அகிம்சை, சத்தியம், அஸ்தேயம், பிரம்மசரியம், அபரிக்கிரகம் ஆகிய ஐந்தும் பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் யமங்களாக, அதாவது அடிப்படைக் கட்டுப்பாடுகளாக, வருபவை. சமணத் துறவியரின் ஐந்து மகாவிரதங்களும் இவையே. துறவிக்கென்று இருந்ததைச் சமையலறைக்கும் கழிப்பறைக்கும் கடைத்தெருவுக்கும் கொண்டுவந்தவை மற்ற ஆறும்தான். நூலின் புதுமையும் அங்கேதான் இருக்கிறது.

விரதங்கள் 1930இல் பிறந்தவை அல்ல. 1915 மே 25 அன்று அகமதாபாத்தின் கோச்ரபில் ஆசிரமம் தொடங்கியபோதே விதிகள் எழுதப்பட்டன. அன்று அங்கிருந்த ஏறக்குறைய இருபத்தைந்து பேரில் பதின்மூன்று பேர் தமிழர்கள் என்று காந்தி தம் வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிடுகிறார். மறு ஆண்டு, 1916 பிப்ரவரியில், சென்னைக்கு வந்து இந்த விரதங்களை ஒவ்வொன்றாக விளக்கிப் பேசினார். ஆகவே குஜராத்தி நூல்தானே என்று தள்ளி நிற்க வேண்டியதில்லை. முதல் பந்தியில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள்.

தமிழ் வாசகரை இடறும் சொற்கள்

முதல் வாரத்துக்கு முன்பே இவற்றைச் சரிசெய்துகொள்ளுங்கள். பெரும்பாலான குழப்பம் கருத்தில் இல்லை, சொல்லில்தான் இருக்கிறது.

விரதம் என்றால் நமக்கு ஏகாதசி, கிருத்திகை, சஷ்டி: ஒருநாள் பட்டினி. நூலில் விரதம் என்பது வாழ்நாள் உறுதி. குஜராத்தில் ‘மானதா’ என்று ஒன்று உண்டு. இது நடந்தால் அதைச் செய்கிறேன் என்று தெய்வத்தோடு பேசும் பேரம், நம் நேர்த்திக்கடன் போல. மங்கள் பிரபாத் சொல்லும் விரதத்தில் பேரம் கிடையாது. எதற்குப் பதிலாகவும் அது எடுக்கப்படுவதில்லை.

அபயம் என்றால் தமிழில் அடைக்கலம். இங்கே அஞ்சாமை.

அஸ்வாதத்தைச் சிலர் நாவடக்கம் என்று எழுதிவிடுகிறார்கள். தமிழில் நாவடக்கம் பேச்சைப் பற்றியது. இங்கே சொல்லப்படுவது சுவைக்காக உண்ணாமை. சுவையடக்கம் என்று வைத்துக்கொள்ளலாம்.

உடலுழைப்புக்கு குஜராத்தியில் ‘ஜாத்மெஹனத்’ என்ற சொல் வரும். ஜாத் என்றதும் சாதி என்று நினைத்துவிடக் கூடாது. இங்கே தான், தன் உடல் என்று பொருள். சாதித் தொழில் என்று புரிந்துகொண்டால் அத்தியாயமே தலைகீழாகிவிடும். தன் பிழைப்புக்குத் தன் கையால் உழைப்பது, தன் மலத்தைத் தானே அப்புறப்படுத்துவது உட்பட, எல்லாருக்கும் பொது என்பதுதான் அங்கே வாதம்.

முதல் செவ்வாய்: பின்னால் இருப்பதை முதலில் படியுங்கள்

‘விரதத்தின் அவசியம்’ என்ற கடிதம் நூலின் கடைசிப் பக்கங்களில் இருக்கிறது. அதிலிருந்து தொடங்குங்கள். மூன்று நான்கு பக்கம்தான், ஆனால் நூல் முழுவதும் தொங்கும் ஆணி அது.

அதன் சாரம் இது: ‘முடிந்தவரை செய்வேன்’ என்பவர் தம் பலவீனத்தையோ அகந்தையையோ காட்டிக்கொள்கிறார். முடிந்தவரை பணம் தருகிறேன் என்று எழுதிய கடன் உறுதிச் சீட்டை எந்த வங்கியும் ஏற்காது. சூரியன் தன் விரதத்தில் வழுவாததால்தான் பஞ்சாங்கம் கணிக்க முடிகிறது. ஒரு வணிகச் சமூகத்தில் பிறந்தவர், வணிகர் நிறைந்த ஊருக்கு, கணக்கின் மொழியில் எழுதிய கடிதம் அது.

‘முடிந்தவரை’ என்ற சொல்லின் வேலை என்ன என்பதைக் கவனியுங்கள். முடிந்ததா இல்லையா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமையை அது அந்தந்த நேரத்துக்கு ஒப்படைக்கிறது. பஜ்ஜி எதிரே இருக்கும்போது தீர்ப்புச் சொல்வது பஜ்ஜிதான். விரதம் அந்தத் தீர்ப்பை முன்கூட்டியே, வயிறு நிறைந்து மனம் தெளிந்திருக்கும் வேளையில் எழுதிவைத்துவிடுகிறது. அதன் பலம் மனத்திண்மையில் இருப்பதைவிட எழுதிய வாசகத்தில் இருக்கிறது.

ஆகவே இந்த வாரம் விரதம் எதுவும் எடுக்காதீர்கள். வாசகம் எழுதப் பழகுங்கள்.

விரத வாசகம் எழுதும் முறை

நல்ல வாசகத்தில் ஆறு கூறுகள் இருக்கும்: எந்த நாள் தொடக்கம், எத்தனை நாள், எந்தச் செயல், எது சேரும், எது சேராது, பயணத்திலும் விருந்திலும் நோயிலும் என்ன. ஒன்று குறைந்தாலும் அந்த ஓட்டை வழியாகத்தான் எல்லாம் ஒழுகும்.

மோசமான வாசகம்: “இனி நொறுக்குத்தீனியைக் குறைத்துக்கொள்வேன்.”

தேறும் வாசகம்: “வரும் செவ்வாய் முதல் 21 நாள், நாளில் மூன்று வேளை தவிர எதுவும் உண்ணமாட்டேன். காபி, தேநீர், மோர், பழச்சாறு உணவுக் கணக்கில் சேரும். தண்ணீரும் மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தும் சேராது. பயணத்திலும் கல்யாண வீட்டிலும் இதுவே. காய்ச்சல் 100 பாரன்ஹீட்டைத் தாண்டினால் அன்று மட்டும் விலக்கு. அந்த நாள் இறுதியில் கூட்டப்படும்.”

படிக்கும்போது வக்கீல் பத்திரம் மாதிரி இருக்கும். இருக்கட்டும். காந்தியின் வாழ்க்கையிலேயே மூன்று நிகழ்ச்சிகள் இதன் தேவையைக் காட்டுகின்றன.

1888இல் லண்டன் புறப்படும்முன், மது, மாது, புலால் தொடேன் என்று தாய் புத்லிபாயிடம் வாக்களித்தார். வாக்கு வாங்கியவர் பேசர்ஜி சுவாமி என்ற சமணத் துறவி. லண்டனில் சிக்கல் வந்தது: முட்டை புலாலா? அங்கே படித்த ஒரு விளக்கப்படி பறவை, விலங்கின் தசை மட்டுமே புலால்; முட்டை உண்ணலாம். கொஞ்சநாள் உண்டும் பார்த்தார். பிறகு தாயின் மனத்தில் இருந்த பொருளே தம்மைக் கட்டும் என்று நிறுத்தினார். வாக்குக் கேட்டவர் எந்தப் பொருளில் கேட்டாரோ அதுவே பொருள். இரண்டு பொருள் சாத்தியமானால் எளியவர் தரப்பின் பொருளே செல்லும். இந்த விதியை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

1915இல் ஹரித்வார் கும்பமேளாவின்போது, இருபத்துநான்கு மணி நேரத்தில் ஐந்து பண்டங்களுக்கு மேல் உண்பதில்லை, இருட்டிய பின் உண்பதில்லை என்று உறுதி எடுத்தார். எடுக்குமுன் நோய் வந்தால் மருந்தும் அந்த ஐந்தில் ஒன்றா என்று யோசித்து, விலக்கே வேண்டாம் என்று முடிவுசெய்தார். எண்ணக்கூடியது, இரவில் படுக்குமுன் ஆம் இல்லை என்று பதில் சொல்லக்கூடியது. நல்ல வாசகத்துக்கு இதைவிடச் சிறந்த மாதிரி இல்லை. (விலக்கே இல்லாத பகுதியை மட்டும் நகலெடுக்க வேண்டாம்.)

மூன்றாவது, பால். பால் அருந்துவதில்லை என்று விரதம் இருந்தவர், 1918–19இல் கடும் நோயில் விழுந்தபோது ஆட்டுப்பால் ஏற்றார். விரதம் எடுத்தபோது மனத்தில் இருந்தவை பசுவும் எருமையும்தான் என்பது அவர் சொன்ன சமாதானம். விரதத்தின் எழுத்தைக் காப்பாற்றினேன், அதன் உட்பொருளைக் காப்பாற்றவில்லை என்று அவரே பிறகு வருந்தினார். அவருக்கே அந்தப் பள்ளம் இருந்தது என்றால் நமக்கு நிச்சயம் உண்டு. ‘எது சேரும்’ என்ற வரியை அவசரமாக எழுதாதீர்கள்.

கால அளவு பற்றி ஒரு சொல். காந்தியின் விரதங்கள் வாழ்நாளுக்கானவை. தொடங்குபவருக்கு அது பொருந்தாது. இதற்குக் குஜராத்துச் சமணர்களிடமிருந்தே ஒரு வழக்கத்தைக் கடன் வாங்கலாம். சமண இல்லறத்தார் காலவரையறை வைத்த சிறு உறுதிகளை அன்றாடம் எடுப்பார்கள். ‘நவ்காரசி’ என்றால் சூரியன் உதித்து 48 நிமிடம் ஆகும்வரை உண்பதில்லை. ‘சௌவிஹார்’ என்றால் சூரியன் மறைந்தபின் உணவும் தண்ணீரும் இல்லை. துறவியின் மகாவிரதத்துக்கு இல்லறத்தாரின் வடிவம் அணுவிரதம். 21 நாள் உறுதி என்பது அந்த வழியில் வருவது: சிறியது, ஆனால் அதற்குள் முழுமையானது.

நோட்டு

ஆசிரமத்தாரை நாட்குறிப்பு எழுதச் சொல்லிக் காந்தி விடாமல் வற்புறுத்தினார். கோடு போட்ட 80 பக்க நோட்டு ஒன்று போதும். நாளுக்கு ஐந்து வரிக்கு மேல் வேண்டாம். முதல் வரியில் தேதியும் விரத எண்ணும். இரண்டாவதில் காத்தேன் அல்லது தவறினேன். இடையில் வேறு சொல் கிடையாது. மூன்றாவதில், தவறியிருந்தால் மணி, இடம், உடன் இருந்தவர். நான்காவதில் தவறும் முன் மனம் சொன்ன சாக்கு, சொன்னபடியே. ஐந்தாவது வரியை வெறுமையாக விடுங்கள். 21ஆம் நாள் திரும்பப் படித்து நிரப்ப அது தேவைப்படும்.

நான்காவது வரியில்தான் சரக்கு இருக்கிறது. மூன்று வாரம் எழுதியவர்களுக்குத் தெரியவரும்: சாக்குகள் நாற்பது இல்லை. ‘ஒரு நாள்தானே’, ‘அவங்க மனசு கஷ்டப்படும்’, ‘இன்னைக்கு நெறைய வேலை’. மூன்று நான்கே சாக்குகள் உடை மாற்றி வந்துகொண்டிருக்கும்.

மனநிலை, ஆன்மிக அனுபவம், கனவு எதையும் எழுத வேண்டாம். அது வேறு நோட்டு.

இரண்டு முதல் நான்காம் செவ்வாய் வரை: கவனிப்பு மட்டும்

சத்தியம், அகிம்சை, பிரம்மசரியம் என்ற வரிசையில் வாரம் ஒரு கடிதம். செவ்வாய் காலை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். வியாழனன்று இன்னொரு முறை. காதால் கேட்க எழுதப்பட்டவை இவை. கண்ணால் மட்டும் படித்தால் வாக்கியங்கள் தட்டையாகத் தெரியும்.

சத்தியக் கடிதத்தில், சத் என்றால் இருப்பது, சத்தியமே கடவுள் என்று தொடங்கி, ஒருவருக்குச் சத்தியமாகத் தெரிவது இன்னொருவருக்கு அப்படித் தெரியாமல் போகலாம் என்று ஒப்புக்கொள்கிறார். ஒரே மரத்தின் இலைகள் வேறுவேறாகத் தெரிவதுபோல என்பது அவர் உவமை. இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்றே: நாளில் சொன்ன பொய்களை எண்ணிக் குறிப்பது. ‘வந்துட்டே இருக்கேன்’ என்று வீட்டிலிருந்தபடி போனில் சொன்னதும் கணக்கில் சேரும். திருத்த முயலாதீர்கள், எண்ணுங்கள். திருத்தத் தொடங்கினால் எண்ணிக்கை பொய்யாகிவிடும்.

அகிம்சைக் கடிதம் கொல்லாமையோடு நிற்பதில்லை. கெட்ட எண்ணம், அவசரம், பொய், பகை, பிறர் கேட்டை விரும்புதல் எல்லாம் இம்சை. உலகுக்குத் தேவையானதைத் தன்னிடமே பிடித்துவைத்துக்கொள்வதும் இம்சை என்கிறார். பட்டியலில் அவசரம் இருப்பதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்த வாரம் நோட்டில் அதை மட்டும் பாருங்கள்: யாரிடமெல்லாம் குரல் உயர்ந்தது, அதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் எதற்காக ஓடிக்கொண்டிருந்தீர்கள் என்று.

பிரம்மசரியக் கடிதத்தைப் படியுங்கள், விரதம் எடுக்காதீர்கள். நூலிலேயே அதிகம் விவாதத்துக்கு உள்ளான பகுதி இது. காந்தி 1906இல் வாழ்நாள் உறுதி எடுத்தார். கஸ்தூரிபாவிடம் கலந்து பேசியது உறுதி எடுக்கும் கட்டத்தில்தான் என்று அவரே எழுதியிருக்கிறார். துணைவரின் வாழ்க்கையையும் கட்டும் உறுதியை ஒருவர் தனியாக எடுப்பது அகிம்சைக் கடிதத்தோடு மோதும். கடிதத்தில் எல்லாருக்கும் உதவும் கருத்து ஒன்று உண்டு: ஒரு புலனை மட்டும் கட்டிவிட்டு மற்றவற்றை அவிழ்த்துவிட்டால் அது நிற்காது. கண், காது, நாக்கு எல்லாம் ஒரே கயிறு. அடுத்த கடிதத்துக்குப் பாலம் அதுதான்.

ஐந்தாம் செவ்வாய்: அஸ்வாதம், முதல் விரதம்

நாக்கில் தொடங்குவதற்குக் காரணம் எளிது. பொய் எப்போது வரும் என்று தெரியாது. சாப்பாடு நாளுக்கு மூன்று வேளை, சொன்ன நேரத்துக்கு வரும். பயிற்சிக்கு இப்படி ஒரு களம் வேறு இல்லை.

கடிதத்தின் அளவுகோல் மருந்து. மருந்தை ருசிக்காகக் குடிப்பதில்லை, ருசியாக இருக்கிறதென்று கூடுதலாகவும் குடிப்பதில்லை. உடலுக்குத் தேவையென்று அளவோடு சேர்க்கும் உப்பு தவறல்ல; ருசிக்காகச் சேர்ப்பது தவறு. உப்புக்காகவே சிறை சென்றவர், அந்தச் சிறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறார்.

நடைமுறை இப்படி இருக்கட்டும். மேலே சொன்ன ‘மூன்று வேளை’ வாசகத்தோடு இன்னும் ஒன்றைச் சேருங்கள்: பரிமாறிய பிறகு உப்பு, ஊறுகாய், சர்க்கரை, நெய் எதுவும் கேட்டு வாங்குவதில்லை. வைத்ததை உண்பது. வேண்டாமென்றால் குறை சொல்லாமல் குறைவாக உண்பது.

உப்பையே விட்டுவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல்வரம்பு பெரியவர்களுக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழ், ஏறக்குறைய ஒரு சமன் தேக்கரண்டி. நான்கு பேர் வீட்டில் ஒரு மாதத்துக்கு எத்தனை பொட்டலம் தீர்கிறது என்று பார்த்தால் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியும். ஊறுகாய், அப்பளம், கருவாடு அந்தக் கணக்கில் வராதவை. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கருவுற்றவர்கள், பாலூட்டுபவர்கள், உணவை வெறுக்கும் நோய் முன்பு இருந்தவர்கள் வேளை கட்டுப்பாட்டைத் தொடவே வேண்டாம். குறை சொல்லாமல் உண்பது என்ற பகுதி மட்டும் அவர்களுக்குப் போதும்.

இங்கே அதிகம் கெடுவது சமைப்பவர் நிலைமை. கணவர் அஸ்வாதம் எடுத்தால் மனைவிக்கு இரண்டு சமையல் என்று ஆகிவிடுகிறது. ‘எனக்கு மட்டும் தனியாக’ என்ற சொல் வந்த அன்றே விரதம் உடைந்தது என்று நோட்டில் எழுதுங்கள். இன்னொன்று: காபியை விட்டுவிட்டு அதைப் பற்றி நாளெல்லாம் பேசுவது. ஏகாதசிப் பட்டினியில் இருந்துகொண்டு பிறர் உண்பதை ஏக்கத்தோடு பார்ப்பதே திருட்டு என்று அடுத்த கடிதத்தில் காந்தி சொல்லப்போகிறார்.

வாக்குவாதத்தில் விரதம் எடுக்காதீர்கள். தென்னாப்பிரிக்காவில் உப்பும் பருப்பும் விடும்படி கஸ்தூரிபாவிடம் காந்தி வற்புறுத்த, உங்களாலேயே விட முடியாது என்று அவர் சொல்ல, அந்த நொடியே ஓராண்டுக்கு விட்டேன் என்றார் காந்தி. கஸ்தூரிபா பதறிப்போய்த் திரும்பப் பெறச் சொன்னார், கிடைக்கவில்லை. காந்தி அதை இனிய நினைவாக எழுதுகிறார். கஸ்தூரிபா எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பாரோ.

எட்டாம் செவ்வாய்: அஸ்தேயமும் அபரிக்கிரகமும் சேர்ந்து

ஆறாம், ஏழாம் வாரங்களில் இந்த இரு கடிதங்களையும் படித்திருப்பீர்கள். எட்டாம் வாரம் அபயம் படிக்கும்போது விரதம் தொடங்கும். அஸ்வாதத்தின் 21 நாள் முடிந்திருக்கும். அதை நீட்டிப்பதா என்பதை முடிந்த மறுநாள் முடிவுசெய்யுங்கள், முடியும் நாளில் வேண்டாம். ஒரே நேரத்தில் புதிய விரதம் இரண்டு கூடாது.

அஸ்தேயத்தில் திருட்டின் எல்லை விரிந்துகொண்டே போகும். கேட்டு வாங்கினாலும் தேவையில்லாததை வாங்கினால் திருட்டு. பிள்ளைகளுக்குத் தெரியாமல் தகப்பன் ஒன்றை ஒளித்துத் தின்றால் திருட்டு. பிறர் கருத்தைத் தன்னுடையதாகக் காட்டினால் திருட்டு. அபரிக்கிரகம் அதன் அடுத்த படி: திருடாததாக இருந்தாலும், தேவையில்லாமல் வைத்திருந்தால் திருட்டுப் பொருள் போலத்தான்.

இரண்டு வேலைகள். முதலில் கணக்கெடுப்பு: ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் ஒரே ஒரு அலமாரி மட்டும். ஒவ்வொரு பொருளுக்கும் கடைசியாகப் பயன்படுத்திய மாதம். பன்னிரண்டு மாதம் தாண்டியவை தனியே. வீடு முழுவதையும் ஒரே நாளில் எடுத்தவர்கள் மாலைக்குள் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே தள்ளியிருப்பார்கள். இரண்டாவது வாசகம்: “21 நாள், உணவு, மருந்து, பள்ளிக் கட்டணம், பயணச் செலவு தவிர எந்தப் பொருளையும் நினைத்த அன்றே வாங்கமாட்டேன். நோட்டில் எழுதி ஏழு முழு நாள் கழித்தே வாங்குவேன்.” எழுதியவற்றில் எத்தனை ஏழாம் நாளும் தேவைப்பட்டன என்பதை எண்ணுங்கள்.

கழித்த பொருளைக் கொடுப்பதில் ஒரு விதி: உடைந்தது, கிழிந்தது, காலாவதியானது எதையும் தானம் என்று கொடுக்கக் கூடாது. அது குப்பையை இன்னொருவர் வீட்டுக்கு மாற்றுவது. இந்த விரதத்தில் இன்னொரு சறுக்கல், எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டு இரண்டு மாதத்தில் ‘எளிய வாழ்வுக்கேற்ற’ புதியவற்றை வாங்குவது.

அபயக் கடிதத்துக்குத் தனி விரதம் வேண்டாம். நோய், மரணம், பொருள் இழப்பு, உறவு இழப்பு, பெயர் கெடுதல், பிறர் மனம் புண்படுமோ என்ற தயக்கம் என்று பயங்களை அடுக்குகிறது அது. அலமாரியில் எடுத்துப்போட மனம் வராத பொருளுக்கும் இந்தப் பட்டியலுக்கும் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள். பழைய வங்கி ரசீதுகளையும் இறந்தவரின் சட்டையையும் வைத்திருக்கச் செய்வது ஒரே பயம் அல்ல.

ஒன்பது, பத்து, பதினொன்று: தீண்டாமையும் உடலுழைப்பும்

தீண்டாமை ஒழிப்பு ஏன் விரதப் பட்டியலில்? 1915இல் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த தூதாபாய், தானிபென், அவர்களின் குழந்தை லட்சுமி ஆகியோர் கோச்ரப் ஆசிரமத்தில் சேர்ந்தபோது நன்கொடை நின்றது, கிணற்றில் நீர் இறைப்பவன் வசைபாடினான், ஆசிரமத்துக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. ஒரு சேட் பெயர் சொல்லாமல் வந்து 13,000 ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார். இந்த விரதத்துக்கு விலை உண்டு என்பதை ஆசிரமம் முதல் ஆண்டிலேயே கண்டுவிட்டது. விலை கொடுக்காத இடத்தில் கொள்கை மட்டும்தான் இருந்திருக்கிறது.

இது 21 நாள் கணக்கில் வராது. உடனே, முழுவதுமாக, முடிவில்லாமல். இதில் படிப்படி என்று பேசுவதே ‘முடிந்தவரை’தான். வீட்டு வேலை செய்பவருக்குத் தனி டம்ளர், தனித் தட்டு இருக்கிறதா? லிப்டில் ஏற வேண்டாம் என்கிறோமா? எங்கே உட்காரச் சொல்கிறோம்? கழிவுத்தொட்டி சுத்தம் செய்ய ஆளை இறங்கச் சொன்னோமா? (மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவது 2013 சட்டப்படி குற்றம்.) இந்தக் கேள்விகளுக்கு நோட்டில் பதில் எழுதிவிட்டு, அன்று மாலைக்குள் மாற்றுங்கள்.

பதினொன்றாம் செவ்வாய் முதல் 21 நாள் உடலுழைப்பு. கடிதம் டால்ஸ்டாயையும் ரஷ்ய விவசாயி பொண்டரேவையும் ஆங்கில எழுத்தாளர் ரஸ்கினையும் தொட்டு, கீதையின் மூன்றாம் அத்தியாயத்துக்கு வந்து, உழைக்காமல் உண்பவன் திருடன் என்ற இடத்தில் நிற்கிறது. தொடக்கம் துப்புரவுப் பணி. ஒவ்வொருவரும் தமக்குத் தாமே துப்புரவாளர். வாசகம்: “21 நாள், தினமும் 30 நிமிடம், இதுவரை பிறர் எனக்காகச் செய்த வேலை ஒன்றை நானே செய்வேன். முதல் வாரம் கழிப்பறை.” உடற்பயிற்சிக் கூடம் இதில் சேராது; அங்கே யாருக்கும் எதுவும் விளைவதில்லை. தோட்டத்தில் ரோஜாவுக்கு நீர் ஊற்றுவதும் கழிப்பறை முடிந்தபிறகுதான்.

வேலைக்கு ஆள் வைத்திருப்பவர்கள் கவனிக்க: நீங்கள் செய்யத் தொடங்கியதால் அவர் சம்பளத்தைக் குறைத்தால் விரதம் இலாபக் கணக்காகிவிட்டது.

பன்னிரண்டு, பதின்மூன்று

சமபாவக் கடிதங்கள் இரண்டையும் பன்னிரண்டாம் வாரமே படித்துவிடலாம். சகிப்புத்தன்மை என்ற சொல் காந்திக்குப் பிடிக்கவில்லை. அடுத்தவர் மதம் ஒரு படி கீழே என்ற நினைப்பு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சமபாவம் என்ற சொல் அதற்காக வந்தது. செய்ய வேண்டியது: வேறு சமயத்தார் ஒருவர் தம் வழிபாட்டைப் பற்றிப் பேச, குறுக்கே பேசாமல் ஒரு மணி நேரம் கேட்பது. ‘எங்களிலும் இதேதான்’ என்று சொல்லிவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

சுதேசிக்கு, மாதம் வாங்கும் பத்துப் பொருள்களின் பட்டியலை எழுதி, ஒவ்வொன்றும் யார் கையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். அக்கம்பக்கத்தவர் செய்வதை விட்டுத் தூரத்துக்குப் போகாதே என்பதுதான் இதன் வேர். 1916 பிப்ரவரியில் சென்னை உரை ஒன்றிலும் அப்படித்தான் விளக்கினார். இரண்டு பொருளை மாற்றினால் போதும். எண்ணெயும் துணியும் எளிது.

பதினான்காம் செவ்வாய்: பணிவு, கூடவே முதல் அத்தியாயத்துக்குத் திரும்பல்

பணிவு பதினொன்றில் ஒன்று அல்ல. பணிவை விரதமாக எடுத்துப் பயின்றால் பாசாங்குதான் விளையும் என்கிறது கடிதம். ஆசிரமப் பிரார்த்தனையில் பாட வினோபா பதினொரு விரதங்களையும் மராத்தியில் சிறு செய்யுளாகக் கோத்தபோதும், பட்டியலில் சேர்க்காமல் ‘பணிவோடு இவற்றைப் பேணுக’ என்று இறுதி அடியில் வைத்தார். அந்தச் செய்யுளை மனப்பாடம் செய்துகொண்டால் பட்டியல் மறக்காது.

பணிவுக்கு ஒரே சோதனை: உங்கள் விரதங்கள் எத்தனை பேருக்குத் தெரியும்? கூட உண்பவர், கூட வசிப்பவர், தவறினால் சொல்ல ஒருவர். மூன்றுக்கு மேல் இருந்தால் விளம்பரம் நடந்திருக்கிறது.

இப்போது சத்தியத்தை விரதமாக எடுக்கலாம். ஒன்பது வாரம் ‘காத்தேன், தவறினேன்’ என்று மட்டும் எழுதிய கைக்கு, பொய்யை மழுப்பாமல் எழுத வரும். வாசகம்: “21 நாள், வந்து சேரும் நேரம், வேலை முடியும் தேதி, பணத் தொகை ஆகிய மூன்றிலும் உண்மைக்கு மாறாகச் சொல்லமாட்டேன். சொல்லிவிட்டால் அதே நாளில் அவரிடமே திருத்துவேன்.” எல்லாப் பொய்யும் என்று எழுதாதீர்கள். மூன்று வகையே மூச்சுமுட்டும்.

தவறிவிட்டால்

தவறுவீர்கள். அன்றே எழுதுங்கள், அந்த ஒருவரிடம் சொல்லுங்கள், அடுத்த வேளையிலிருந்து தொடருங்கள். நாள் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து தொடங்க வேண்டாம். தவறிய நாளை இறுதியில் கூட்டிக்கொள்ளுங்கள். தண்டனையாகப் பட்டினி கிடக்காதீர்கள், ‘நாளை இரண்டு மடங்கு’ என்று எழுதாதீர்கள். அவை இரண்டும் மூன்றாம் நாளில் மொத்தத்தையும் கைவிட வைக்கும்.

21 நாளில் ஐந்துக்கு மேல் தவறினால் ஆளில் குறையைத் தேடாமல் வாசகத்தைப் பாருங்கள். பெரும்பாலும் நாளின் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் தவறியிருக்கும்: மாலை ஐந்து மணி, அலுவலகத் தேநீர்க் கடை. அந்த வரியை மட்டும் மாற்றி எழுதி, புதிய தேதி போட்டு, மறுபடி 21. ஆனால் விரதம் நடக்கும்போது வாசகத்தைத் திருத்தக் கூடாது. காலம் முடியட்டும். நடுவில் திருத்துவது, ஆட்டுப்பால் பால் இல்லை என்று கண்டுபிடிக்கும் வேலை.

சேர்ந்து படிப்பவர்கள் நால்வருக்குள் இருங்கள். செவ்வாய் காலை அரைமணி: பத்து நிமிடம் ஒருவர் வாசிக்க, பத்து நிமிடம் ஒவ்வொருவரும் காத்த நாள், தவறிய நாள் எண்ணிக்கையை மட்டும் சொல்ல, மீதி நேரம் அடுத்த வாசகங்களில் ஓட்டை தேட. ஒருவர் வாசகத்தை மற்றவர் வக்கீல் போலக் குடையட்டும். ‘பழச்சாறு சேருமா? கரும்புச்சாறு?’ என்று கேட்பவரை விட்டுவிடாதீர்கள்.

வாசிக்கும் பொறுப்பு வாரம் ஒருவருக்கு மாறட்டும். வயதில் மூத்தவரிடமே நின்றுவிட்டால் நான்காம் வாரம் அது சொற்பொழிவாகி, ஐந்தாம் வாரம் இருவர் வரமாட்டார்கள்.